ஐம்பத்தேழு திருத்தங்களும் ஒரு சங்கு அண்ணனும்

"ம்ம்ம்ம்ம்ம்ம்..."

பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியதுதான் தாமதம், கூடத்து மேசையில் எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு திருகாணி துள்ளியது, உருண்டது, விளிம்புவரை ஓடி ஒரு கணம் தயங்கியது. பிறகு இந்த வாழ்க்கையே வேண்டாம் என்று தரையில் குதித்து மறைந்தது.

"போச்சு," என்றார் வீட்டுக்காரர். கடிகாரம் பழுதுபார்ப்பது அவர் தொழில். வலது கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு கண் மட்டும் கோழிமுட்டை அளவுக்குத் தெரிந்தது. "இந்த வாரத்துல இது நாலாவது. உங்க அண்ணன் தொண்டையைத் திறந்தா என் மேசையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது."

"மெதுவாப் பேசுங்க. அண்ணன் காதுல விழப்போகுது."

"அவர் போடுற சத்தத்துல அவர் காதுல என்ன விழும்?"

அவள் சுவரைப் பார்த்தாள். ஆறு மணிக்கு ஒருவர் வரப்போகிறார். அவர் வந்துபோன பிறகு, இருபத்தேழு வருடமாக அவள் உட்கார்ந்திருக்கும் ஜன்னலோர நாற்காலி அவளுடையதாக இருக்குமா, இல்லையா என்பது தெரிந்துவிடும். சுவரில் இருந்த பதினொரு கடிகாரங்களும் கொஞ்சமும் இரக்கமில்லாமல் ஒரே குரலில் ஐந்தே முக்கால் என்றன.

பாடப்புத்தகங்கள் அச்சிடும் ஓர் அச்சகத்தில் அவள் புரூஃப் பார்க்கிறாள். பத்தொன்பது வயதில், இரட்டைப் பின்னலோடு அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள். இன்று பின்னல் ஒன்றாகிவிட்டது, அதிலும் பாதி நரைத்துவிட்டது. ஆனால் கண் மட்டும் அப்படியே இருக்கிறது. அச்சகத்தில் எல்லோருக்கும் அவள் 'கழுகு அக்கா'. முந்நூறு பக்கத்துப் புத்தகத்தில் ஒரு புள்ளி குறைந்தாலும் அவளுக்கு அன்று சோறு இறங்காது. கல்யாணத்துக்கு முன் கடிகாரக்காரர் உள்ளம் உருகி எழுதிய முதல் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, பதினான்கு இடங்களில் குறி போட்டுத் திருப்பி அனுப்பியவள் அவள். அவர் அதைத் திருத்தியபடியே பிரதியெடுத்து மறுபடி அனுப்பினார். அதன் அடியில் அவள் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதினாள். அப்படித்தான் அவர்கள் கல்யாணம் நடந்தது.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்குக் கீழே இருந்த நெஞ்சமோ வெண்ணெய்! அங்கேதான் வந்தது வினை.

போன வாரம் அவள் மேசைக்கு வந்தது ஒரு வேதியியல் புத்தகம். எழுதியவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர். அதில் ஐந்தாவது பாடம் அயனிப் பிணைப்பு. வேதியியலை அவள் இதுவரை எழுத்தெழுத்தாகத்தான் படித்திருக்கிறாள், கதையாகப் படித்ததில்லை. அன்று மழை, மின்சாரம் வேறு போய்விட்டது, ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகப் படித்தாள். படிக்கப் படிக்க முந்தானையைத் தேடினாள்.

சோடியம் என்று ஓர் அணு. அதன் உட்கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள், முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு, கடைசிக் கூட்டில் ஒன்றே ஒன்று. ஒற்றைப் பிள்ளை! எதிரே குளோரின். அதன் கடைசிக் கூட்டில் ஏழு. எட்டு இருந்தால்தான் அதற்கு நிம்மதி. ஏழு இருந்தும் போதவில்லை அந்தப் புண்ணியவானுக்கு! சோடியம் என்ன செய்கிறது? தன் ஒன்றே ஒன்றையும் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் அதன் கடைசிக் கூடு உள்ளே இருந்த எட்டுதான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்தாள். 'எலக்ட்ரானை இழந்த சோடியம் பிளஸ் அயனியாகிறது, பெற்ற குளோரின் மைனஸ் அயனியாகிறது' என்று இருந்தது.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. இருந்த ஒன்றையும் இழந்தவளுக்குப் பிளஸ்ஸா? வாங்கி மடியில் கட்டிக்கொண்டவனுக்கு மைனஸ்ஸா? இதென்ன அநியாயம்! இது அச்சுக் கோப்பவனின் தவறாகத்தான் இருக்க வேண்டும். ஒரு நியாயமான பேராசிரியர் இப்படி எழுதுவாரா?

சிவப்புப் பேனா எழுந்தது. பாடம் முழுக்க, சோடியம், மெக்னீசியம், கால்சியம் என்று கொடுத்தவர்கள் அத்தனை பேருக்கும் மைனஸ் போட்டாள். குளோரின், ஆக்சிஜன் என்று வாங்கியவர்கள் அத்தனை பேருக்கும் பிளஸ் போட்டாள். கடைசியில் ஒரு குறிப்பும் எழுதினாள்: 'மொத்தம் ஐம்பத்தேழு இடங்களில் திருத்தப்பட்டுள்ளது. ஆசிரியர் மகிழ்வார் என்று நம்புகிறேன்.'

ஆசிரியர் மகிழவில்லை.

இன்று வார விடுமுறை. காலையில் அச்சக மேலாளர் போன் செய்தார். "அக்கா, பேராசிரியர் என்னைப் பேசவே விடலை. நாளைக் காலை எட்டு மணிக்கு அச்சுத் தகடு போட்டாகணும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவரே தாள்களை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வர்றார். நீங்க திருத்தத்தை எல்லாம் எடுத்துடுங்க."

"புரியாம எப்படி எடுக்கிறது?"

"அக்கா, கையெழுத்துதானே."

"இருபத்தேழு வருஷத்துல நான் போட்ட ஒரு திருத்தத்தைக்கூட எடுத்ததில்லை."

மேலாளர் பெருமூச்சு விட்டார். "எடுக்கலைன்னா நாளையிலிருந்து நீங்க பைண்டிங்லதான். நான் ஒண்ணும் பண்ண முடியாது, மேல இருந்து சொல்லிட்டாங்க."

அந்த அச்சகத்தின் வழக்கம் அது. ஒருவர் போட்ட திருத்தத்தை இன்னொருவர் அடிக்க முடியாது. போட்ட கையே அதன் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் கையெழுத்திட்டால்தான் அது ரத்தாகும். அவள் வந்த வருடம் அவள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய விதி! இப்போது அதுவே அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"ம்ம்ம்ம்ம்ம்ம்..."

மறுபடியும் சத்தம். அவள் எழுந்து பக்கத்து அறைக்கு ஓடினாள்.

அண்ணன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, தாடையைக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஓர் ஆலையில் சங்கு ஊதும் வேலை பார்த்தவர். வேலை நேரம் தொடங்கவும் முடியவும் அவர் பொத்தானை அழுத்தினால் சங்கு பிடிக்கும். ஒருமுறை சங்கு பழுதானபோது மாடியில் ஏறி நின்று அவரே கத்தினாராம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். அதிலிருந்து அவர் 'சங்கு அண்ணன்'. தன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். பதினோரு மாதம் ஆகிறது. அவர் வீட்டுச் சுவர் இதற்குள் மறுபடியும் அழுக்காகியிருக்கும்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு மணி நேரம் மட்டும் சும்மா இருங்க. பெரிய மனுஷர் ஒருத்தர் வர்றார். என் வேலையே அதுல இருக்கு."

"உனக்காக மூச்சுகூட விடமாட்டேன் பாப்பா," என்றார் அண்ணன். அதைச் சொன்ன குரலிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சரியாக ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

பேராசிரியர் ஒல்லியாக, மடக்கிய குடை போல இருந்தார். கையில் உண்மையாகவே ஒரு குடை, கக்கத்தில் தாள் கட்டு. உட்காரச் சொல்வதற்கு முன்பே தாள்களை மேசையில் போட்டார். கடிகாரக்காரரின் இன்னொரு திருகாணியும் போயிற்று.

"கழுகு அக்காங்கிறது நீங்கதானா?"

"ஆமா சார்."

"ஏம்மா, நாற்பது வருஷம் பாடம் எடுத்தவன் நான். சோடியத்துக்கு மைனஸ் போட்டவங்களை நிறையப் பார்த்திருக்கேன். அவங்க எல்லாம் தேர்வுல தோத்துப் போனவங்க. ஆனா என் புத்தகத்துலயே எனக்குத் திருத்தம் போட்டது நீங்க ஒருத்தர்தான்!"

அவள் பின்வாங்கவில்லை. "சார், நான் ஒண்ணு கேக்கலாமா? சோடியத்துகிட்ட இருந்தது ஒண்ணு. அதையும் கொடுத்துடுச்சு. கொடுத்தவங்க கை காலிதானே? காலிக்கு எப்படி சார் பிளஸ் வரும்?"

"அம்மா, இது அழுகாச்சி கதையில்லை. எலக்ட்ரானே மைனஸ்மா! சோடியம் உள்ளே பதினோரு புரோட்டான், எல்லாம் பிளஸ். வெளியே பதினோரு எலக்ட்ரான், எல்லாம் மைனஸ். ரெண்டும் சரிக்குச் சரி. அதுல ஒரு மைனஸ் கிளம்பிப் போயிடுச்சுன்னா?"

"வீடு வெறிச்சோடிப் போயிடும் சார்."

பேராசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னங்க, நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்று கடிகாரக்காரரைப் பார்த்தார்.

"என்னை விடுங்க சார். என் லெட்டரையே திருத்தினவ அவ."

பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் அவள் எழுதியிருந்த ஒரு குறிப்பில் அவர் விரல் நின்றது. சத்தமாகப் படித்தார். "'உப்புப் படிகத்தில் ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரின் இருப்பதாக எழுதப்பட்டுள்ளது. இது குடும்பத்தில் எல்லோரும் படிக்கும் புத்தகம். தயவுசெய்து சரிபார்க்கவும்.' என்னம்மா இது?"

"எனக்கு எழுதவே கூச்சமா இருந்துச்சு சார். கொடுத்தது ஒருத்தருக்கு. பக்கத்துல ஆறு பேர் நின்னா ஊரு என்ன பேசும்?"

"அம்மா! பிளஸ் எந்த மைனஸ்ஸையும் இழுக்கும்மா. எல்லாப் பக்கமும் இழுக்கும். ஒவ்வொரு குளோரினைச் சுத்தியும் ஆறு சோடியம் நிக்குது. இது ஜோடிக் கணக்கு இல்லை, வரிசை! கோடிக்கணக்கான பேர் மாத்தி மாத்தி அடுக்கா நிக்கிற வரிசை. அதனாலதான் உப்பை உருக்கணும்னா எண்ணூறு டிகிரிக்கு மேல சூடு வேணும். கல் உப்பு இருக்கா வீட்ல?"

அவள் ஒரு கட்டி கொண்டுவந்தாள். பேராசிரியர் கடிகாரக்காரரின் குட்டிச் சுத்தியலை அனுமதி கேட்காமல் எடுத்து 'டொக்' என்று தட்டினார். கட்டி நேர்கோடாகப் பிளந்தது.

"பார்த்தீங்களா? உருகாது, ஆனா தட்டினா உடையும். ஏன்? தட்டினதும் ஒரு வரிசை நகர்ந்து போச்சு. பிளஸ்ஸுக்கு எதிரே பிளஸ் வந்துடுச்சு, மைனஸ்ஸுக்கு எதிரே மைனஸ். ஒண்ணை ஒண்ணு தள்ளிவிட்டுடுச்சு."

"பங்காளிங்க நேருக்கு நேர் வந்த மாதிரி," என்றார் கடிகாரக்காரர், தன் சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டு.

"அதேதான்!"

அவள் உடைந்த உப்பைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்தது. ஒன்றாக இருந்தவர்கள் இப்படிப் பிரிந்துபோனார்களே! ஆனால் பேனா மட்டும் அசையவில்லை. "அடுக்கு புரியுது சார். அந்தக் குறிப்பை எடுத்துடறேன். ஆனா கொடுத்தவளுக்குப் பிளஸ்னா மட்டும் மனசு ஏத்துக்கல. மனசு ஏத்துக்காம நான் புள்ளி வைக்க மாட்டேன். பைண்டிங்குக்கே அனுப்புங்க, போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே ஏதோ முறிந்தது. அந்த ஜன்னல், அந்த நாற்காலி, கைபட்டுக் கைபட்டு வழவழப்பான அதன் கைப்பிடி! நாளை அங்கே வேறு யாரோ உட்காருவார்கள். அவள் பைண்டிங் அறையில் பசை வாளிக்குப் பக்கத்தில்...

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பேராசிரியர் கூரையைப் பார்த்தார். கடிகாரக்காரர் தரையில் திருகாணியைத் தேடுவதுபோல் மேசைக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டார். பதினொரு கடிகாரங்கள் டிக் டிக் என்றன.

அந்த மௌனத்தை அண்ணனால் தாங்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் அடக்கி வைத்திருந்தது அல்லவா?

"ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்!"

குடை நழுவி விழுந்தது. உப்புக் கட்டியின் இரண்டு பாதிகளும் மேசையில் தனித்தனியாக நகர்ந்தன. மேசைக்கு அடியில் 'ணங்' என்று கடிகாரக்காரரின் தலை இடித்தது.

"ஐயோ, மன்னிச்சுடுங்க சார்! அது என் அண்ணன். ஒரு மணி நேரம் சொல்லிவச்சேன்..."

பேராசிரியர் எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "இன்னொரு தடவை."

"சார்?"

"இன்னொரு தடவை அப்படிப் பண்ணச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் கீழே போக முடியுமா அவரால?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "போகலாமே! எவ்வளவு கீழே வேணும்?" சொன்னபடியே குரல் இன்னும் கீழே போயிற்று. சுவரில் மூன்று கடிகாரங்கள் நின்றன.

பேராசிரியர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் கண்ணில் நீர்! அவள் அதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"அம்மா, என் கதையைக் கேளுங்க. கீழே நானும் என் சம்சாரமும், ரெண்டு பேர். மாடியில எட்டு அறை. என்னை மாதிரி ஓய்வுபெற்ற ஆளுங்க தங்கியிருக்காங்க. எட்டு பேரும் சேர்ந்து பாடுவாங்க. எட்டுக் குரல் சேர்ந்திசை, அதுதான் எங்க பேரே. அதுல கீழ்க்குரல்காரர் போன மாசம் மக வீட்டோட போயிட்டார். ஏழு பேர் ஆயிட்டாங்க. அன்னையிலிருந்து வீட்ல நிம்மதி இல்லை. ஆளாளுக்குச் சண்டை. தெருவுல போற ஆளையெல்லாம் நிறுத்தி 'உங்களுக்குப் பாட வருமா'ன்னு கேக்குறாங்க. காய்கறிக்காரர் எங்க தெருவுக்கே வர்றதில்லை. வர்ற சனிக்கிழமை மேடை. எட்டு பேர்னு பேர் கொடுத்தாச்சு, ஏழுன்னா மேடை கிடையாது." அவர் கைகூப்பினார். "உங்க அண்ணனை எங்களுக்குக் கொடுத்துடுங்கம்மா. அறை இருக்கு, சாப்பாடு இருக்கு, ஜன்னல் இருக்கு."

"என் அண்ணனையா!" அவள் எழுந்தே விட்டாள். "எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன் சார். அவரைக் கொடுத்துட்டு நான் என்ன..."

வாக்கியம் முடியவில்லை. ஏனென்றால் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி இழுபடும் சத்தம்.

"பாப்பா," என்று அண்ணன் கூப்பிட்டார், "என் நீலத் துண்டு எங்கே?"

பதினோரு மாதத்தில் அவர் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. அவள் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடத்துக்கு வந்தாள். உள்ளே அண்ணன் வாய் பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தார். மனிதர் சந்தோஷத்தில் இருந்தால் முனகுவதில்லை போலிருக்கிறது.

வீடு அமைதியாக இருந்தது. கடிகாரக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எழுந்தார். கையில் தொலைந்த ஐந்து திருகாணிகளும் இருந்தன. ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கடிகாரத்தில் வைத்தார். அது உட்கார்ந்தது. இரண்டாவது. அதுவும் உட்கார்ந்தது. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு படர்ந்தது. கல்யாணத்தன்று பார்த்த சிரிப்பு! இந்த மனிதருக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதையே அவள் மறந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. அவள் தோள்பட்டையிலிருந்து எதையோ யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அப்படி இருந்ததற்காக அவளுக்கு உடனே அழுகையும் வந்தது.

பேராசிரியர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் பாடம் எடுத்த கண் அல்லவா!

"அம்மா," என்றார் மெதுவாக. "ஒருத்தர் போறார். இப்ப உங்க வீட்டுக்கு என்ன குறி போடுவீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். திருகாணியைப் பார்த்தாள்.

"பிளஸ்..." என்றாள். "ஐயோ. பிளஸ்தான் சார்!"

"அவ்வளவுதாம்மா! போனது நல்லதா கெட்டதாங்கிறது இல்லை கேள்வி. போனதுக்கு என்ன குறி? மைனஸ். மைனஸ் போனா மிச்சம் பிளஸ். அது போய்ச் சேர்ற இடம் மைனஸ்."

"அப்போ நான் மைனஸா?"

அறை வாசற்படியில் பெட்டியும் படுக்கைச் சுருட்டுமாக அண்ணன் நின்றிருந்தார். குரலில் அடிபட்ட யானையின் சோகம். அவள் பதறிப்போனாள். பேராசிரியர் சட்டென்று எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க எலக்ட்ரான்! எலக்ட்ரான் ஒரு வீட்லயிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகலைன்னா உலகத்துல உப்பே கிடையாது. கட்டடம் கட்டுற சுண்ணாம்பு கிடையாது. ஒட்டவைக்கிறதே உங்க நடமாட்டம்தான்."

அண்ணன் யோசித்தார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "நான் எப்பவும் சொல்லுவேன் மாப்பிள்ளை, என் அருமை யாருக்கும் தெரியலைன்னு."

"இப்போ தெரியுது மச்சான்," என்றார் கடிகாரக்காரர் உளமார.

"அப்போ எங்க வீடு சோடியமா சார்?" என்று கேட்டாள் அவள்.

பேராசிரியர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "உள்ளே நீங்க ரெண்டு பேர், வெளியே ஒருத்தர். இரண்டு, ஒன்று. நீங்க லித்தியம்மா. நாங்க உள்ளே ரெண்டு, வெளியே ஏழு. ஃபுளூரின். சேர்ந்தா லித்தியம் ஃபுளூரைடு." பிறகு ஆசிரியர் புத்தி விடாமல், "உவமை முழுசாப் பொருந்தாது. உட்கருவுல புரோட்டான் வேணுமே. இங்க நடுவுல அசையாம உட்கார்ந்திருக்கிறது யாரு?" என்றார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கடிகாரக்காரரைப் பார்த்தார்கள். இருபது வருடமாக அந்த மேசையை விட்டு நகராதவர், "என்ன?" என்றார்.

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் திருத்தத்தின் அடியில் புள்ளி வைத்தாள். ஓரத்தில் கையெழுத்து. இரண்டாவது. மூன்றாவது. பத்தைத் தாண்டியதும் பேனா வேகமெடுத்தது. 'சோடியம் பிளஸ்' என்று மறுபடி படித்தபோது அவளுக்கு இப்போது அது அழுகிற பெண்ணாகத் தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்த பெண்ணாகத் தெரிந்தது. மெக்னீசியம் வந்தது. இரண்டு பேரைக் கிளப்பிவிட்ட மகராசி, இரண்டு பிளஸ். சரிதான்!

ஐம்பத்தாறாவதுக்குப் புள்ளி வைத்துவிட்டு அவள் பேனாவை மூடினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா," என்றார் பேராசிரியர். "கடைசிப் பக்கம். கால்சியம் குளோரைடு."

"அதை எடுக்க மாட்டேன் சார்."

"மறுபடியுமா!"

"கோவிச்சுக்காதீங்க. கால்சியம் ரெண்டு எலக்ட்ரானைக் கொடுக்குதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு குளோரினுக்கு ஒண்ணுதான் இடம் இருக்கு. கீழே சூத்திரத்துல ஒரே ஒரு குளோரின்தான் போட்டிருக்கு. அப்போ அந்த ரெண்டாவது எலக்ட்ரான் எங்கே சார் போகும்? தெருவுலயா நிக்கும், பெட்டி படுக்கையோட?" அவள் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். "அதைப் படிச்சிட்டு அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடலை. அதனால இன்னொரு குளோரின் வேணும்னு பக்கத்துல ரெண்டு போட்டேன்."

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். இறக்கினார். மறுபடி கொண்டுபோனார்.

"மூணு பதிப்பு," என்றார் பலவீனமாக. "மூணு பதிப்பா இந்தத் தப்பு இருக்கு. நான் பார்க்கலை. என்கூட இருந்த பேராசிரியர்கள் யாரும் பார்க்கலை. கணக்கு போட்டுப் பார்த்தவங்க எவனும் பார்க்கலை."

"நான் கணக்கு போடலை சார். அதுக்காக வருத்தப்பட்டேன், அவ்வளவுதான்."

பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, ஐம்பத்தேழாவது திருத்தத்துக்குப் பக்கத்தில் 'மிகச் சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "உங்க மேலாளர்கிட்ட நானே பேசறேன். ஆறாவது பாடமும் உங்க மேசைக்குத்தான் வரணும். அந்த ஜன்னல்கிட்ட வேற யாராவது உட்கார்ந்தா என் புத்தகம் வேற அச்சகத்துக்குப் போயிடும்னு சொல்லிடறேன். ஆனா ஒரு வேண்டுகோள்."

"சொல்லுங்க சார்."

"ஆறாவது பாடத்துல எலக்ட்ரானைக் கொடுக்கிறதும் இல்லை, வாங்கிக்கிறதும் இல்லை. ரெண்டு பேரும் பங்குபோட்டு வச்சுக்கிறாங்க. அழுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

பேராசிரியர் தாள் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குடையை எடுத்தார். அண்ணன் பெட்டியைத் தூக்கினார். தங்கையின் தலையில் கைவைத்து, "அழாதே பாப்பா, ரெண்டு நாள்தான்," என்றார். கடிகாரக்காரருக்கு ஒரு கணம் மூச்சு நின்றது.

வாசலைத் தாண்டிய பேராசிரியர் எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பிளஸ்ஸும் மைனஸ்ஸும் ஆனதுக்கு அப்புறம்தான் உண்மையான பிணைப்பே. ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்கும். விடவே விடாது."

"அப்படின்னா?" என்றார் கடிகாரக்காரர் சந்தேகமாக.

படிக்கட்டிலிருந்து அண்ணனின் குரல் பதில் சொன்னது. மாடிவீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தது. "அப்படின்னா ஞாயித்துக்கிழமை எட்டு பேரும் இங்க சாப்பிட வர்றோம் மாப்பிள்ளை! பாட்டும் உண்டு!"

"ஐயோ, வாங்க அண்ணே, எல்லாரும் வாங்க!" என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கை ஆட்டினாள். இரண்டு தலைகளும், ஒரு குடையும், ஒரு படுக்கைச் சுருட்டும் தெருமுனை திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

கடிகாரக்காரர் மேசையிலிருந்து தானே எழுந்து வந்தார். மேசையில் மிச்சமிருந்த மூன்று திருகாணிகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, ஒரு சத்தமும் எழாதபடி, கதவை மெதுவாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.